பெர்லினில் முதல் சனி ஞாயிறும் 100ஆம் நம்பர் பஸ்ஸும்

வேலையில் சேர்ந்து ஐந்தாவது நாள், வெள்ளிக்கிழமை. முதியோர் வார்டில் சாயங்கால மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த 84 வயதுப் பாட்டி மாத்திரையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "நாளைக்கு உங்களுக்கு லீவுதானே, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்டார். சனிக்கிழமை காலையில் ஒரு வழிகாட்டியோடு ஊர் சுற்றப் பணம் கட்டியிருக்கிறேன் என்றேன். பாட்டி தலையை ஆட்டினார். "அதெல்லாம் அப்புறம். முதலில் ஹுண்டர்ட்டர் பிடியுங்கள். மாடியில். முன் வரிசையில்." சொல்லி முடித்த பிறகுதான் மாத்திரையை விழுங்கினார்.

ஹுண்டர்ட் என்றால் நூறு. 100ஆம் நம்பர் பஸ்ஸை பெர்லின்காரர்கள் ஹுண்டர்ட்டர் என்றுதான் சொல்கிறார்கள். பி1 (நடுத்தர நிலை) மொழிப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்த ஜெர்மனில் எனக்கு அது முதலில் பிடிபடவில்லை. பக்கத்தில் நின்ற சக நர்ஸ்தான் விளக்கினாள். நான் சிரித்து வைத்தேனே தவிர, போகும் எண்ணம் இல்லை. ஏற்கெனவே காசு கட்டியாகிவிட்டதே.

2025 அக்டோபர் 25, சனிக்கிழமை. வழிகாட்டி வரச் சொன்ன இடம் ட்சோ ரயில் நிலையத்தின் வாசல், நேரம் பத்து மணி. பத்து நாற்பது வரைக்கும் யாரும் வரவில்லை. என்னோடு இன்னும் இரண்டு பேர் அதே காகிதத்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். அப்புறம் போனில் இரண்டு வரி வந்தது: போதுமான ஆட்கள் சேரவில்லை, ரத்து. குளிரில் நாற்பது நிமிடம் நின்றதில் விரல்கள் மரத்துப் போயிருந்தன. பணத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். ஆனால் ஊருக்குப் புதிதாக வந்தவளை முதல் நாளே தெருவில் நிறுத்தியது மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. அறைக்கே திரும்பிவிடலாம் என்று திரும்பினால், எதிரே மஞ்சள் நிறத்தில் ஒரு மாடி பஸ், நெற்றியில் 100.

ஏறிவிட்டேன். அந்தச் சனியும் மறுநாள் ஞாயிறும் சேர்த்து ஐந்து முறை அதில் போயிருக்கிறேன். வெளிநாட்டு ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு முதல் வாரக்கடைசியில் இதைவிட நல்ல துணை கிடைக்காது என்று நினைப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டிக்கெட் விஷயம், ஏனென்றால் புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இது சுற்றுலா பஸ் இல்லை, சாதாரண டவுன் பஸ். ஊருக்குள் எல்லா ரயில், டிராம், பஸ்ஸுக்கும் செல்லும் அதே டிக்கெட் இதற்கும் செல்லும். ஏபி பகுதிக்கு, அதாவது நகர எல்லைக்குள், ஒற்றை டிக்கெட் 2025 அக்டோபரில் 3.80 யூரோ, ஒரே திசையில் இரண்டு மணி நேரம் செல்லும். ஏறி இறங்கி, முன்னே பின்னே போவதாக இருந்தால் 24 மணி நேர டிக்கெட், அப்போது 10.60 யூரோ. நான் அதைத்தான் லியோபோல்ட்பிளாட்ஸ் நிலையத்து மெஷினில் வாங்கினேன். வாங்கினால் போதாது, நடைமேடையில் இருக்கும் சின்னப் பெட்டியில் செருகி முத்திரை குத்த வேண்டும். நுழைவதற்குக் கதவோ தடுப்போ எதுவும் இல்லாததால், டிக்கெட் கையில் இருக்கிறதே என்று அப்படியே ஏறிவிடத் தோன்றும். முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள், பிடித்தால் அபராதம் 60 யூரோ. என் கையில் முத்திரை இல்லாத காகிதத்தைப் பார்த்த ஒரு பெரியவர், ஒன்றும் பேசாமல் என் முழங்கையைத் தொட்டு அந்தப் பெட்டியைக் காட்டிவிட்டுப் போனார். பெர்லின்காரர்கள் கடுகடு என்று இருப்பார்கள் என்று வகுப்பில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்கு முதல் உதவி செய்தவர் அவர்தான்.

24 மணி நேரம் முத்திரை குத்திய நிமிடத்திலிருந்து ஓடுகிறது. நான் காலை ஒன்பதரைக்கு முன்பே குத்திவிட்டதால் ஞாயிறுக்கு இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கிளம்புகிறவர்களுக்கு அதே டிக்கெட் ஞாயிறு மதியம் வரை வரும். கொஞ்சம் யோசித்துக் குத்துங்கள்.

ட்சோவில்தான் பஸ் புறப்படுகிறது என்பதால் மாடி காலியாக இருந்தது. முன் வரிசையில் இடது பக்கம் உட்கார்ந்தேன். கால் நீட்டும் இடத்தில் முழுக்கக் கண்ணாடி. பஸ் திரும்பும்போது மரக்கிளைகள் முகத்தில் அடிக்க வருவது போல் வந்து கண்ணாடியில் உரசிவிட்டுப் போகின்றன. ஒரு நிமிடம் போவதற்குள் கைசர் வில்ஹெல்ம் நினைவுத் தேவாலயத்தின் உடைந்த கோபுரம். 1943 நவம்பரில் குண்டு விழுந்து உச்சி போய்விட்டது. அதை இடிக்கவும் இல்லை, சரிசெய்யவும் இல்லை. உடைந்தது உடைந்தபடியே நிற்க, பக்கத்தில் புதிதாக ஒன்றைக் கட்டி 1961இல் திறந்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் அந்தக் கோபுரத்துக்கு வைத்த பெயர் சொத்தைப் பல். அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த சில நிறுத்தங்கள் அலுவலகக் கட்டடங்களும் தூதரகங்களும்தான். அங்கே பஸ்ஸின் திரையில் வரும் நிறுத்தப் பெயரையும் ஒலிபெருக்கியில் வரும் உச்சரிப்பையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெயர் முதலில் எழுத்தாக வருகிறது, உடனே காதில் விழுகிறது. மொழி கற்கிறவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? வகுப்பில் ஆறு மாதம் திணறிய சில ஒலிகள் அந்த அரை மணி நேரத்தில் நாக்கில் உட்கார்ந்தன.

அப்புறம் வருகிறது டியர்கார்ட்டன். ஊரின் நடுவில் 200 ஹெக்டேருக்கு மேல் காடு மாதிரி ஒரு பூங்கா. அக்டோபர் கடைசி என்பதால் முழுக்க மஞ்சள். அதன் நடுவே ஒரு பெரிய வட்டச் சாலை, வட்டத்தின் மையத்தில் 67 மீட்டர் உயரத்தில் வெற்றித் தூண், உச்சியில் தங்க நிறத்தில் சிறகோடு ஒரு பெண். பஸ் அந்தத் தூணைச் சுற்றிக்கொண்டு போகிறது. மாடியில் முன் வரிசையில் இருப்பவர்களுக்கு அந்தச் சுற்று ஒரு பரிசு. அதைத் தாண்டியதும் இடது பக்கம் ஜெர்மன் குடியரசுத் தலைவரின் வெள்ளை நிற மாளிகையான பெல்வியூ, அதை அடுத்து 1957இல் கட்டிய வளைந்த கூரை மண்டபம். அதற்கும் செல்லப் பெயர் உண்டு, கர்ப்பிணிச் சிப்பி. இந்த ஊர் எந்தக் கட்டடத்தையும் பட்டப்பெயர் வைக்காமல் விடுவதில்லை போலிருக்கிறது.

ரைஷ்டாக் வந்தது. நாடாளுமன்றம். 1999இல் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்த கண்ணாடிக் குவிமாடத்தோடு திறந்தார்கள். உள்ளே போக இலவசம், ஆனால் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும், பாஸ்போர்ட்டும் வேண்டும். நான் பதியவில்லை. வாரக்கடைசியில் வருகிறவர்கள் ஊருக்கு வரும் முன்பே பதிந்துவிடுவது நல்லது.

அதைத் தாண்டிய உடனே பஸ் ஒரு தெருவைக் கடந்து, ஒரு திருப்பம் திரும்பி, உண்டர் டென் லிண்டன் என்ற அகலமான சாலையில் ஏறியது. எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. பஸ் போய்ச் சேரும் அலெக்ஸாண்டர்பிளாட்ஸ் சதுக்கத்தில் (சுருக்கமாக அலெக்ஸ்) இறங்கி, போனில் இந்தப் பஸ்ஸைப் பற்றிப் படித்த பிறகுதான் உறைத்தது. பஸ் கடந்த அந்தத் தெருவில்தான் பெர்லின் சுவர் இருந்திருக்கிறது. 1961 ஆகஸ்டில் எழுப்பி, 1989 நவம்பர் 9 வரை ஊரை இரண்டாகப் பிளந்த சுவர். 1990 அக்டோபர் 3 அன்று இரண்டு ஜெர்மனியும் ஒன்றாயின. அடுத்த மாதமே, மேற்கில் ட்சோவையும் கிழக்கில் அலெக்ஸையும் இணைத்து ஓடத் தொடங்கியதுதான் இந்த 100. நாடு ஒன்றான பிறகு இரண்டு பாதிக்கும் நடுவே வந்த முதல் பஸ் தடம். நான் கால் நீட்டிக்கொண்டு இரண்டு நிமிடத்தில் கடந்த இடம் அது.

என் வார்டில் இருப்பவர்கள் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். அந்த வாரம் முழுக்க அவர்கள் பேச்சில் "அந்தப் பக்கம்" என்ற சொல் வந்துகொண்டே இருந்தது. என் அக்கா அந்தப் பக்கம் இருந்தாள், அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம், அந்தப் பக்கத்து ரொட்டி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலெக்ஸின் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அந்தச் சொல்லின் அர்த்தம் புரிந்தது. இனி அவர்களின் ரத்த அழுத்தம் பார்க்கும்போது நான் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பதும் புரிந்தது: நீங்கள் எந்தப் பக்கம்?

அலெக்ஸில் எனக்குப் பெரிதாக ஒட்டவில்லை. 368 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரம், உலகக் கடிகாரம், இரண்டும் 1969இல் வந்தவை, பார்க்கலாம். காற்று மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் அடிக்கிறது. பத்து நிமிடத்தில் அதே 100இல் திரும்பி ஏறினேன். திரும்பும் வழியில்தான் ஒரு விஷயம் கண்டுபிடித்தேன். பெர்லினின் அடையாளமான பிராண்டன்பூர்க் வாயிலை மேற்கிலிருந்து வரும்போது சரியாகப் பார்க்க முடிவதில்லை. பஸ் பக்கத்துத் தெரு வழியாகச் சுற்றி வந்துவிடுகிறது. கிழக்கிலிருந்து வந்தால் உண்டர் டென் லிண்டனின் கடைசியில், நேர் எதிரே, லிண்டன் மரங்களுக்கு நடுவில், சிறிதாகத் தெரிந்து பெரிதாகிக்கொண்டே வருகிறது. ஆகவே இரண்டு திசையிலும் போங்கள். முதல் தடவை எங்கேயும் இறங்காதீர்கள். முழுத் தூரமும் சுமார் அரை மணி நேரம்தான். ஊரின் முதுகெலும்பு எது என்று கண்ணுக்குப் பழகிவிட்டால், பிறகு எங்கே இறங்கினாலும் தொலைந்துபோன பயம் வராது. நான் வெள்ளிக்கிழமை வரை வேலைக்கும் அறைக்கும் நடுவில் தரைக்கடியிலேயே போய்வந்தவள். மேலே என்ன இருக்கிறது என்றே தெரியாமல் இருந்தேன்.

திரும்பி வரும்போது நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லுஸ்ட்கார்ட்டன் நிறுத்தத்தில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் காத்திருந்தார். பஸ் நின்றதும் அந்தப் பக்கம் மெல்லச் சாய்ந்து தாழ்ந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து, நடுக் கதவருகே தரையில் மடித்திருந்த பலகையைக் கையால் விரித்துப் போட்டார், பெரியவரை ஏற்றினார், பலகையை மடித்தார், போய் உட்கார்ந்தார். கீழே யாரும் முணுமுணுக்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நோயாளிகளைத் தூக்கியும் சாய்த்தும் பழகிய கைகள் என்பதால், அந்த இரண்டு நிமிடத்தில் எத்தனை சரியாக நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. இந்தப் பஸ்ஸுக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான்.

ஞாயிறு என்னோடு வேலைக்குச் சேர்ந்த அக்காவையும் கூப்பிட்டிருந்தேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர், ஊருக்கு வந்ததிலிருந்து அறையைவிட்டு வெளியே வரவே தயங்கியவர். ஒன்பது மணிக்கு லியோபோல்ட்பிளாட்ஸில் சந்திப்பதாகப் பேச்சு. ஒன்பதுக்குப் போய் நின்றேன், ஆளைக் காணோம். போன் செய்தால் தூக்கக் குரலில், "ஏம்மா, எட்டு மணிக்கே கூப்பிடுற?" என்றார். அன்றைக்கு அதிகாலை மூன்று மணியை இரண்டு மணியாக்கியிருக்கிறார்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே குளிர்கால நேரம் தொடங்குகிறது. போன் தானாக மாறிக்கொண்டது, என் நர்ஸ் கடிகாரம் மாறவில்லை. இந்த ஞாயிற்றில் வருகிறவர்கள் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள்: முந்தின நாள் ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மறைந்த சூரியன் அன்று ஐந்து மணி ஆகும் முன்பே போய்விடும். இருட்டிய பிறகு மாடிக் கண்ணாடியில் பஸ்ஸின் உள்விளக்குதான் தெரியும், வெளியே பாதி தெரியாது. பகலிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அக்காவை முதலில் முழுத் தூரமும் இறங்காமல் கூட்டிக்கொண்டு போனேன். பேசவே இல்லை அவர். வெற்றித் தூணைச் சுற்றும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டார். திரும்பும்போது ஸ்டாட்ஸ்ஓப்பர் நிறுத்தத்தில் இறங்கினோம். பக்கத்திலேயே பேபல்பிளாட்ஸ். 1933 மே 10 அன்று நாஜிகள் புத்தகங்களை எரித்த சதுக்கம். நடுவில் தரையில் ஒரு கண்ணாடிச் சதுரம், குனிந்து பார்த்தால் கீழே ஓர் அறை நிறைய வெள்ளை அலமாரிகள், ஒரு புத்தகம்கூட இல்லை. இருபதாயிரம் புத்தகம் வைக்கும் இடமாம். மீகா உல்மன் என்ற கலைஞர் செய்தது. கூட்டம் சுற்றி நிற்காவிட்டால் அது இருப்பதே தெரியாது, கவனித்து நடங்கள்.

சாலைக்கு எதிர்ப்புறம் நோயே வாஹ என்ற சின்ன நினைவுக் கட்டடம். உள்ளே போனால் ஒரே ஒரு கூடம். கூரையில் வட்டமான ஓட்டை, அதற்கு நேர் கீழே, இறந்த மகனை மடியில் வைத்திருக்கும் தாயின் சிலை. கேதே கோல்விட்ஸ் செய்த சிறிய சிற்பத்தின் பெரிய பிரதி. அவருடைய மகன் ஒருவன் முதல் உலகப் போரில் இறந்தவன். அன்று தூறல். ஓட்டை வழியாக மழை நேராகச் சிலையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. ஊரில் பத்து வயதுப் பையனை விட்டுவிட்டு வந்திருக்கும் அக்கா அங்கே ரொம்ப நேரம் நின்றார். நான் அவசரப்படுத்தவில்லை. அந்த இரண்டு நாளில் நான் பார்த்ததில் எதைச் சொல்வாய் என்று கேட்டால் அந்தக் கூடத்தைத்தான் சொல்வேன். அனுமதிக் கட்டணம் இல்லை.

மறுபடி பஸ் ஏறி ரைஷ்டாக்கில் இறங்கினோம். சுவர் போன இடத்தைத் தேடினேன். சாலையிலேயே இருக்கிறது: இரட்டை வரிசையாகப் பதித்த கற்கள், தாரை அறுத்துக்கொண்டு போகின்றன. கார்கள் அதன் மேல் ஓடுகின்றன. அக்கா ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்து நின்று படம் எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.

அப்புறம் சாப்பாட்டுக் கவலை. ஞாயிறு இங்கே மளிகைக் கடைகள் மூடிக்கிடக்கும். வகுப்பில் சொல்லித் தந்ததால் நான் சனிக்கிழமை சாயங்காலமே பால், முட்டை, தக்காளி எல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். அக்கா மறந்துவிட்டார், வீட்டில் வெங்காயம்கூட இல்லை. பெரிய ரயில் நிலையங்களில் இருக்கும் கடைகளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ரைஷ்டாக்கிலிருந்து ஆற்றைக் கடந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஹாப்ட்பான்ஹோஃப், அதாவது தலைமை ரயில் நிலையம். அங்கே வாங்கிக்கொண்டோம். குடித்து முடித்த பிளாஸ்டிக் பாட்டிலை அக்கா குப்பையில் போடப் போனார், பிடுங்கிக்கொண்டேன். பாட்டிலுக்கு 25 சென்ட் முன்பணம் வைத்திருக்கிறார்கள், கடை மெஷினில் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

குறை என்று சொன்னால், இந்தப் பஸ்ஸில் யாரும் எதையும் விளக்குவதில்லை. நிறுத்தத்தின் பெயர் மட்டும்தான். எதைப் பார்க்கிறோம் என்று தெரிய வேண்டுமானால் முந்தின ராத்திரியே கொஞ்சம் படித்துவிட்டு வர வேண்டும். ஞாயிறு மதியத்துக்கு மேல் மாடியில் முன் வரிசை கிடைக்காது. காலையில், ட்சோவிலோ அலெக்ஸிலோ, புறப்படும் இடத்தில் ஏறினால் கிடைக்கும். மாரத்தான், ஊர்வலம் என்று பிராண்டன்பூர்க் வாயிலைச் சுற்றி அடிக்கடி சாலையை மூடுவார்கள், அப்போது தடம் மாறிவிடும். கிளம்பும் முன் போனில் ஒருமுறை பாருங்கள். பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. மழைக்கோட்டு ஈரமாக இருந்தால் மாடிப்படியில் கைப்பிடியை விடாதீர்கள், பஸ் திரும்பும்போது வழுக்கும்.

இரண்டு நாளுக்கும் சேர்த்து எனக்கான செலவு 21.20 யூரோ. அந்த நவம்பரிலிருந்து, அப்போது மாதம் 58 யூரோவாக இருந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடெங்கும் உள்ளூர் பஸ், ரயிலுக்குச் செல்லும் மாதச் சீட்டு) எடுக்க முடிவு செய்தேன், அதன்பிறகு 100க்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை காலை ஷிஃப்ட். பாட்டிக்குத் தலை வாரிக்கொண்டே, ஹுண்டர்ட்டரில் போனேன், மாடியில், முன் வரிசையில் என்று சொன்னேன். என் உச்சரிப்பைத் திருத்தவில்லை. "இடதா, வலதா?" என்று கேட்டார். இடது, அந்தப் பக்கம்தானே ரைஷ்டாக், பெல்வியூ எல்லாம் என்றேன்.

"அடுத்த தடவை வலது பக்கம் உட்காருங்கள்" என்றார். "டியர்கார்ட்டன் அந்தப் பக்கம். போர் முடிந்தபோது அங்கே மரமே கிடையாது, எல்லாவற்றையும் அடுப்புக்கு வெட்டிவிட்டோம். நானும் அம்மாவும் அங்கே உருளைக்கிழங்கு போட்டோம்." சீப்பை வாங்கி முன்முடியைத் தானே சரிசெய்துகொண்டு, மரங்கள் இப்போது எவ்வளவு உயரம் இருக்கின்றன என்று கேட்டார். மாடி ஜன்னலைவிட உயரம் என்றேன்.